சாலையின் வலது பக்கம்

இயேசு மரி சூசை துணை

பொம்மிடி,
9-11-86, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் சவரிராயனுக்கு அம்மா எழுதுவது. முழங்காலில் ஒரு சிராய்ப்பைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே நீயும் மருமகள் வேளாங்கண்ணியும் அவள் வயிற்றிலிருக்கும் குழந்தையும் சுகமாக இருப்பதை உன் கடிதத்தில் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், மாதா உங்களை அப்படியே வைத்துக் காப்பாற்றட்டும். சிராய்ப்பு என்றதும் பதறாதே, அதைப் பிறகு சொல்கிறேன். இங்கே ஐப்பசி மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது, சமையலறை ஓட்டில் போன வருஷம் ஒழுகிய அதே இடத்தில் இந்த வருஷமும் ஒழுகுகிறது, அதே குண்டானைத்தான் வைத்திருக்கிறேன். கல்லறைத் திருநாளன்று அப்பா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி வாங்கி வைத்து, உன் பேரிலும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். தூறலில் உன் மெழுகுவர்த்தி மட்டும் மூன்று முறை அணைந்தது. அங்கேயே நின்று வண்டி விஷயத்தையும் அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

உன் கடிதம் வந்து சேர்வதற்கு முன்னாலேயே உரக்கடை கிருஷ்ணப்பன் வந்து சேர்ந்துவிட்டான். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, டயரை அமுக்கிப் பார்த்து, தம்பி கார்டு போட்டிருந்தாருங்க, வண்டி சும்மாதான நிக்குது, நானே எடுத்துக்கறேன் என்றான். எனக்கு வந்த கோபத்தில் அவனுக்குக் காப்பிகூடக் கொடுக்கவில்லை. அவன்மேல் அல்ல, உன்மேல்தான் கோபம். அப்பாவின் டிவிஎஸ் 50ஐ விற்றுவிடு, நர்ஸ் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் பிலாய்க்கே வந்துவிடு என்று நீ நாலு கடிதமாக எழுதுகிறாய், பிள்ளை என்கிற பாசத்தில் எழுதுகிறாய் என்பது புரிகிறது. நானும் போன கடிதத்தில் வாக்குக் கொடுத்துவிட்டேன், இரண்டாவது முறையும் லைசென்ஸ் டெஸ்டில் தோற்றால் வண்டியை விற்றுவிட்டு ரயில் ஏறிவிடுகிறேன் என்று. அந்த வாக்கு அப்படியே இருக்கிறது. ஆனால் டெஸ்ட் நாளை மறுநாள் செவ்வாய்க்கிழமைதான், அதற்கு முன்னாலேயே ஆள் அனுப்பினால் என்ன அர்த்தம், நான் தோற்பேன் என்று முடிவே கட்டிவிட்டாயா.

இது வெறும் வீம்பு இல்லை சவரி. மலையடிவாரத்தில் என் பொறுப்பிலிருக்கும் ஆறு கொட்டாய் ஊர்களுக்கும் பஸ் கிடையாது. பதினெட்டு வருஷம் ஒவ்வொரு புதன்கிழமையும் அப்பா தையல் கடையைப் பூட்டி, புதன் விடுமுறை என்று அட்டையைத் தொங்கவிட்டு, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அந்த வட்டத்தைச் சுற்றி வந்தார். அவர் போய்ப் பதினாலு மாதம் ஆகிறது, பதினாலு மாதமாக நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஊசி போட வேண்டிய குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள்தான் இறங்கி வருகிறார்கள், வர முடியாதவர்கள் வருவதில்லை. ஆடி மாதம் வேப்பங்கொட்டாயிலிருந்து வலியோடு நடந்து வந்த ஒரு பெண், பாதி வழியில் புளியமரத்தடியில் பெற்றுவிட்டாள். தாயும் பிள்ளையும் பிழைத்தது மாதா புண்ணியம். எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் நல்லவர்தான், ஆனாலும் கிறிஸ்துமஸுக்குள் நீங்களே போய்வர வழி பண்ணாவிட்டால் அந்த ஊர்களை வேறு நர்ஸுக்கு மாற்றிவிட்டு உங்களை ரிஜிஸ்டர் எழுத உட்கார வைத்துவிடுவேன் என்கிறார். ரிஜிஸ்டர் எழுதுவதற்கு நான் பிலாய்க்கே வந்து உன் வீட்டில் உட்கார்ந்துவிடலாம். அதனால்தான் இந்த டெஸ்ட்.

முதல் டெஸ்ட் எப்படிப் போனது என்று நீ கேட்டிருந்தாய், வெட்கப்பட்டு எழுதாமல் விட்டேன். தருமபுரியில் ஒரு மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் பெரிய எட்டு போட்டு வைத்திருக்கிறார்கள், கால் ஊன்றாமல் அதன்மேலேயே ஓட்டி வர வேண்டும். வரிசையில் நாற்பது பேர், எல்லோரும் மீசை முளைத்தும் முளைக்காததுமாக உன்னைவிடச் சின்னவர்கள், புடவை கட்டியவள் நான் ஒருத்திதான். நர்ஸ் வெள்ளைப் புடவையில் போயிருந்தேனா, யாரோ அடிபட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று வழி விட்டார்கள். டெஸ்ட் எடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் கை சிக்னல் எல்லாம் கேட்டார், ஒன்றுகூடத் தப்பில்லை. எட்டில் இடது பக்கத்து வளைவு அழகாக வந்தது, எனக்கே பெருமையாக இருந்தது. வலது வளைவில் நுழைந்ததும் உடம்பு மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது, கால் தானாகப் போய்த் தரையில் ஊன்றிக்கொண்டது. இன்னொரு தடவை போடச் சொன்னார், அப்போதும் அப்படியே. ஏம்மா, ஒரு பக்கம் பூ மாதிரி போவுது, இன்னொரு பக்கம் ஏன் மாடு மாதிரி நின்னுடறீங்க என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

புரியவைத்தவன் உன்னோடு எட்டாவது வரை படித்த காஜாதான். ஸ்டேஷன் பக்கத்தில் இப்போது அவனுக்குச் சொந்த ஒர்க்ஷாப், தொப்பைகூட வந்துவிட்டது. ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் கலைந்ததும் கோயில் மைதானத்தில் எனக்குப் பழக்கிவிட வருவான், பங்குச் சாமியார் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். மூன்று ஞாயிறு கிட்டத்தட்டப் பத்து முறை விழுந்திருப்பேன், அந்தச் சிராய்ப்பு அப்படி வந்ததுதான். மூன்றாவது ஞாயிறு காஜா தலையைச் சொறிந்துகொண்டு, அம்மா, வண்டி வலது பக்கம் திரும்பறப்போ உங்க மூஞ்சி எந்தப் பக்கம் இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுதுங்களா, இடது பக்கமே பாத்துக்கிட்டு இருக்கறீங்க, கண்ணு போற பக்கந்தாங்க வண்டி போவும் என்றான். அப்புறம் சிரித்துக்கொண்டே, நீங்க இன்னும் பின்னாடிதான் உக்காந்துக்கிட்டு இருக்கறீங்க என்றான். நான் அப்படியே வண்டியை நிறுத்திக் கீழே இறங்கிவிட்டேன். அவன் பயந்துபோய், தப்பா சொல்லிட்டேங்களா என்று இரண்டு தடவை கேட்டான்.

தப்பே இல்லை. யோசித்துப் பார், பன்னிரண்டு வருஷம் சைக்கிள் கேரியரில், பிறகு இந்த வண்டியில், புடவையோடு ஒருபக்கமாக இடது பக்கம் பார்த்துத்தான் உட்கார்ந்து வந்திருக்கிறேன். சாலையின் வலது பக்கம் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. போவது ஏரிக்கரை வழி, திரும்புவது தண்டவாளத்து ஓரமாக வேறு வழி, வட்டமாகப் போய் வருவதால் திரும்பும்போது பார்க்கவும் வாய்ப்பில்லை. மடியில் மருந்துப் பெட்டி இருக்கும். முதல் வருஷம் எதையோ பார்க்கத் திரும்பி, சைக்கிள் சாய்ந்து, பெட்டியிலிருந்த அத்தனை மருந்தும் உடைந்துபோய் மேலதிகாரியிடம் நான் அழுதுகொண்டு நின்றேன். அன்றிலிருந்து உன் அப்பா ஏறும்போதெல்லாம் சொல்வது ஒன்றே ஒன்றுதான், மிக்கேலு, சாயாத, திரும்பாத, அந்தப் பக்கம் என்ன இருக்குதுன்னு நான் சொல்றேன். சொல்லவும் செய்தார். நானும் பதினெட்டு வருஷம் சாயவில்லை, திரும்பவில்லை. வேறு எதில் அவர் பேச்சைக் கேட்டேனோ இல்லையோ, இதில் கேட்டேன்.

அந்த அக்கா தங்கச்சி வீடு உனக்கு ஞாபகம் இருக்கிறதா. ஏரிக்கரை முடிந்து மேடு ஏறியதும் வலது பக்கம், சிவப்பு ஓடு, சுவருக்கு மேலே முருங்கைமரம். அது என் ஏரியா இல்லை, பக்கத்து நர்ஸுடைய ஏரியா, அதனால் நான் அங்கே இறங்கியதே இல்லை. கல்யாணம் ஆகாத பெரியவள், புருஷன் விட்டுப்போன சின்னவள். ஒவ்வொரு புதன்கிழமையும் மேடு ஏறியதும் அப்பா அவர்கள் சேதியைச் சொல்லுவார், இன்னைக்கு பெரியவ முருங்கைக்காய் பறிக்கிறா, சின்னவ கீழ நின்னு அதட்டுறா என்று. நீ அப்போது ஆறு ஏழு வயசு, பள்ளிக்கூடம் லீவென்றால் முன்னால் பாரில் உட்கார்ந்து வருவாய், நீயும் சேர்ந்துகொண்டு, ஆமாம்மா, சின்னவ கோழி புடிக்கிறாம்மா என்று கத்துவாய். அந்தக் கோழிக்கு ஒரு பேர்கூட வைத்திருந்தாய். நீ பிலாய்க்குப் போவதில் எனக்கும் அப்பாவுக்கும் பெரிய சண்டை வந்தது உனக்குத் தெரியும், ஒரு வாரத்துக்கு மேல் வீட்டில் நாங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் புதன்கிழமை அப்பா, அக்காவும் தங்கச்சியும் வாசலுக்கு நடுவில் கயிறு கட்டிப் பிரித்துக்கொண்டார்கள் என்றார். அடுத்த வாரம், பெரியவ கயித்த அவுத்துட்டா, சின்னவதான் இன்னும் பேசல என்றார். பேசினா முத்தா உதிர்ந்துடும், என்ன ராங்கி அவளுக்கு என்று நான் சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து நானே முதலில் பேசிவிட்டேன். கடைசியாக நாங்கள் போன புதன்கிழமை அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மேடு ஏறியதும் நானே கேட்டேன். வூடு பூட்டியிருக்குது மிக்கேலு, எங்கியோ ஊருக்குப் போயிட்டாங்க போல என்றார்.

அதிலிருந்து எனக்கு அந்த இரண்டு பேர் நினைப்பாகவே இருக்கிறது. எங்கே போனார்களோ, வந்துவிட்டார்களோ இல்லையோ. வாரம் தவறாமல் உங்களைப் பார்த்துக்கொண்டு போன தையல்காரர் இப்போது இல்லை என்று அவர்களிடம் யார் சொல்லியிருப்பார்கள். லைசென்ஸ் கிடைத்தால் முதல் புதன்கிழமை அங்கே இறங்கி நானே சொல்லிவிட்டு வர வேண்டும் என்று வைத்திருக்கிறேன். காஜா இன்றைக்கு வலது வளைவுக்கு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு, டீ கிளாஸோடு உட்கார்ந்துகொண்டு, என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு சுத்துங்க என்றான். அவன் தொப்பையைப் பார்த்துச் சுற்றியதில் நாலு முறையில் மூன்று முறை கால் ஊன்றவில்லை. ராமுழுக்க வளைவே கனவில் வரும் போலிருக்கிறது. மீதியை டெஸ்ட் முடிந்து எழுதுகிறேன்.

26-11-86, புதன்கிழமை.

பதினேழு நாளாக இந்தக் கடிதம் வேதப் புத்தகத்துக்குள் இருந்தது. பாஸ் பண்ணிவிட்டேன் சவரி. லைசென்ஸ் புத்தகமும் நேற்றுக் கைக்கு வந்துவிட்டது, போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன். டெஸ்ட் அன்று காஜா வண்டியை ஓட்டிக்கொண்டு போனான், நான் பஸ்ஸில் போனேன், இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து போக மனசு வரவில்லை. அதே இன்ஸ்பெக்டர்தான், என்னைப் பார்த்ததும், ஓ, ஒரு பக்கத்து அம்மாவா என்றார். வலது வளைவுக்கு நடுவில் அப்பா உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. வண்டியில் அவர் முதுகைத்தான் எனக்குத் தெரியும், வேர்த்து ஒட்டிய சட்டையும் கழுத்தில் தொங்கும் அளவு டேப்பும்தான் ஞாபகம் வருகிறது. அதனால் நினைப்பில் காஜாவையே அங்கே உட்கார வைத்துக்கொண்டேன், டீ கிளாஸோடு. கால் ஊன்றவில்லை. கோட்டை விட்டு விலகவில்லை. இன்ஸ்பெக்டர் இன்னொரு முறை போடச் சொன்னார், தப்பு கண்டுபிடிக்க இல்லை, பார்க்க ஆசையாக இருந்ததாம். காஜா விசில் அடித்துவிட்டான், போலீஸ்காரர் ஒருவர் அவனை அதட்டினார்.

இன்றைக்கு முதல் சுற்று போய்விட்டு வந்துதான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரி ஆயா நஞ்சம்மாள் பின்னால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இடது பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். சாயாத, திரும்பாத என்று நான் சொன்னேன், சொன்ன பிறகுதான் யாருடைய வார்த்தை என்று உறைத்தது. ஏரி நிறையத் தண்ணீர். வலது பக்கம் முழுக்கப் புதுசாக இருந்தது, அங்கே ஒரு பம்புசெட், ஒரு முனியப்பன் கோயில், வரிசையாகத் தென்னை, பதினெட்டு வருஷமாக என் முதுகுக்குப் பின்னால் இருந்தவை. மேடு ஏறினேன். அவர்களுக்கென்று ஒரு சீப்பு வாழைப்பழம்கூட வாங்கிப் பையில் வைத்திருந்தேன்.

அங்கே வீடு இல்லை சவரி. சிவப்பு ஓடு இல்லை, முருங்கை இல்லை, இடிந்த சுவர்கூட இல்லை. வெறும் பாறையும் உண்ணிச்செடியும்தான். தப்பான மேடோ என்று முன்னும் பின்னும் பார்த்தேன், அந்தச் சாலையில் அது ஒன்றுதான் மேடு. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மாது என்கிற பெரியவரிடம் கேட்டேன். நான் பொறந்ததுல இருந்து இங்க வூடு ஏதும்மா, பாறை மேல யாரு வூடு கட்டுவா என்றார்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பதினெட்டு வருஷம் என்னை முட்டாளாக்கியிருக்கிறார். பிறகு அந்தக் கயிறு ஞாபகம் வந்தது. வாசலில் கயிறு கட்டியது யார், அவிழ்த்தது யார், பேசாமல் ராங்கி பண்ணியது யார் என்று ஒவ்வொன்றாக விளங்கியது. அந்த மனிதருக்கு மன்னித்துவிடு என்று வாயால் சொல்ல வராது, வந்ததே இல்லை. இப்படித்தான் சொல்லியிருக்கிறார், நான் திரும்பிப் பார்க்க முடியாத பக்கத்தில் ஒரு வீடு கட்டி. வண்டியை நிறுத்தி, ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுகையிலேயே உன் ஞாபகம் வந்தது. நீ முன்னால் பாரில் உட்கார்ந்து வந்தவன், உன் கண்ணுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். பாறையைப் பார்த்துக்கொண்டுதானே, சின்னவ கோழி புடிக்கிறாம்மா என்று கத்தினாய். ஆறு வயசுப் பயல், அப்பாவோடு கூட்டுச் சேர்ந்து, இருபது வருஷம் அம்மாவிடம் வாயைத் திறக்கவில்லை. அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன்.

நஞ்சம்மாளுக்கும் அந்த வீட்டுக் கதை தெரியும், ஆஸ்பத்திரியில் நான்தான் சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறேன். மாது சொன்னது அவள் காதில் விழவில்லை, அவளுக்குக் காது மந்தம். பெட்டியைப் பிடித்துக்கொண்டு திரும்பாமலே, என்னங்க நர்ஸம்மா, வண்டி நின்னுபோச்சு, அவங்க வூடு தொறந்திருக்குதுங்களா என்று சத்தமாகக் கேட்டாள். தொறந்திருக்குது நஞ்சம்மா, வந்துட்டாங்க, ரெண்டு பேரும் ஒரே கட்டில்ல உக்காந்து முருங்கைக்கீரை ஆயறாங்க என்று நானும் சத்தமாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். வாழைப்பழத்தை வேப்பங்கொட்டாயில் அந்தப் புளியமரத்தடிக் குழந்தையின் தாயிடம் கொடுத்தேன், குழந்தை நல்ல கனமாக இருக்கிறது.

கிருஷ்ணப்பனுக்கு வண்டி விற்பனைக்கு இல்லை என்று நீயே கார்டு போடு, நீதானே கூப்பிட்டாய். மருமகள் பிரசவத்துக்கு ஜனவரி கடைசியில் இரண்டு மாதம் லீவு போட்டு வருகிறேன், திரும்புகிற டிக்கெட்டையும் இங்கேயே எடுத்துக்கொண்டுதான் வருவேன், அதைப்பற்றி வாதம் வேண்டாம். அதுவரை அவளைத் தண்ணீர்க் குடம் தூக்கவிடாதே, இரும்புச்சத்து மாத்திரையைப் பாதியில் நிறுத்தவிடாதே, கால் வீங்கினாலோ தலை வலித்தாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. ஆண்டவர் உங்கள் மூன்று பேருக்கும் நல்ல சுகத்தையும் சமாதானத்தையும் கொடுக்கட்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் என் முத்தமும் உங்களுக்கு உண்டு.

பதிலில் ஒன்றை மட்டும் மறக்காமல் எழுது. சின்னவளுடைய கோழிக்கு நீ என்ன பேர் வைத்திருந்தாய்? எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை, அடுத்த புதன்கிழமை நஞ்சம்மாள் கேட்பாள்.

உன் அன்பு அம்மா,
அ. மிக்கேலம்மாள்